விளக்குப் பூட்டு

மாலை ஆறு ஐம்பத்திரண்டு. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். லீமா ரோஸ் டீச்சர். கைபேசியில் வந்திருந்த செய்தி இரண்டே வரி: காரவள்ளி அடிவாரம் வந்துட்டேன் அண்ணா, டீ குடிச்சிட்டு ஏறப்போறேன், லைட் போட்டாச்சு, நன்றி. மற்ற விரல்களில் எல்லாம் வெங்காயச் சாறு இருந்ததால் செங்கோட்டுவேல் இடது கைச் சுண்டுவிரலால் திரையைத் தொட்டு அதைப் படித்தார். படித்துவிட்டுக் கைபேசியைத் தண்ணீர்க் குடத்தின் மூடிமேல் வைத்தார். நல்லது, ஏறட்டும். அடுத்த வெங்காயத்தை எடுத்து வாலைக் கிள்ளித் தோலை உரித்தார். சின்ன வெங்காயம், இரண்டு கிலோ. நாமக்கல்லில் மூன்று அலுவலகங்களுக்குக் காலை இட்லியும் சாம்பாரும் அனுப்புகிறவள் அவருடைய மனைவி கோகிலவாணி. உரித்துக் கொடுப்பது இவர் பொறுப்பு. கார் சர்வீஸ் சென்டரிலிருந்து வந்து கிரீஸ் போகக் கை கழுவியதும் முறத்தை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றேகால் மணி நேரம் போகும். லைட் போட்டாச்சு. போட்டிருப்பார். சுவிட்சைப் போட்டால் எரியத்தான் செய்யும். எரிவது வேறு, திரும்புவது வேறு. நான்காவது வெங்காயத்தில் விரல் நின்றது. பூட்டை எடுத்தேனா?

எடுத்திருப்பேன். எடுக்காமல் வண்டியை வெளியே விடுகிற ஆளா நான். அந்தக் காரின் ஹெட்லைட் மற்றக் கார்களுடையதைப் போல நேராக மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் அதுவும் திரும்பும். வளைவுக்குள் முதலில் வெளிச்சம் போகும், பிறகு வண்டி போகும். வளைவு ரொம்பவும் குறுகலாக இருந்தால் அந்தப் பக்கத்து ஓரத்தில் கூடுதலாக ஒரு சின்ன விளக்கும் எரியும். வெளிச்சத்தின் உயரத்தைச் சரிபார்க்கும்போது மட்டும் இதையெல்லாம் நிறுத்திவைக்க வேண்டும், ஆடிக்கொண்டே இருக்கும் விளக்கை எப்படி அளப்பது. வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனரைச் செருகி, விளக்கு இரண்டையும் நேராக நிற்கவைத்துப் பூட்டுவோம். எதிரே வெள்ளைத் திரையில் வெளிச்சத்தின் விளிம்பு கோட்டில் உட்காரும்வரை திருகைத் திருப்புவோம். பிறகு பூட்டை எடுப்போம். பூட்டை எடுத்தால் ஸ்கேனர் இரண்டு தடவை கீச்சிடும். டீச்சர் வண்டியில் ஆடு மோதி, இடது விளக்கைத் தாங்கும் சட்டம் வளைந்திருந்தது. சட்டத்தை மாற்றினேன். பூட்டினேன். திருகைத் திருப்பினேன். விளிம்பு கோட்டில் வந்து உட்கார்ந்தது, இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறி நிற்குமே, அந்த ஏற்றம்கூடக் கண்ணில் இருக்கிறது. அதற்குப் பிறகு கீச், கீச். காதில் இருக்கிறது அந்தச் சத்தம். ஆனால் அது இன்றைய சத்தமா, வெள்ளிக்கிழமை வந்த பல் டாக்டர் வண்டியின் சத்தமா? பதினொரு வருடத்துச் சத்தம் எல்லாம் காதுக்குள் ஒரே மாதிரிதான் கிடக்கிறது. தேதி போட்டு வைத்திருக்கிறதா என்ன. வேலை அட்டையில் டிக் இருக்கும், டிக் அடித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த டிக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எங்கள் சென்டரில் யாரும் வேலை முடிய முடிய டிக் அடிப்பதில்லை. கையில் எண்ணெயோடு அட்டையைத் தொட்டால் அட்டை அழுக்காகிறது என்று சூப்பர்வைசர் சத்தம் போட்ட நாளிலிருந்து, வண்டி வாசலைத் தாண்டும்போது கை துடைத்துவிட்டு, கீழிருந்து மேலாக, பதினாறு கட்டத்திலும் ஒரே மூச்சில் அடிப்பதுதான் வழக்கம். அந்த டிக் வண்டி போய்விட்டது என்பதற்கு அத்தாட்சி. வேறு எதற்கும் இல்லை.

கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று தோன்றியபோது ஆறு ஐம்பத்தாறு. சொல்லி என்ன சொல்வது, டீச்சர், உங்கள் லைட் திரும்புகிறதா என்று பாருங்கள் என்றா? ஏன் அண்ணா, நீங்கள் பார்க்கவில்லையா என்று கேட்பார். கேட்கட்டும். எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கை கழுவினார், ஈரத்தைக் கைலியில் துடைத்தார், இதற்கே இரண்டு நிமிடம். கை கழுவாமல் கூப்பிட்டிருக்கலாம். வெங்காயச் சாறு பட்டால் கைபேசி செத்தா போய்விடும். நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது. மறுபடி மறுபடி, மொத்தம் நான்கு தடவை அழுத்தினார். வெளியே உள்ளது. அந்தப் பெண்குரலுக்கு எந்த அவசரமும் இல்லை. அடிவாரத்தைத் தாண்டினாலே சிக்னல் கிடையாது, மேலே சோளக்காடு போனால்தான். டீ குடிக்க இன்னும் ஐந்து நிமிடமாவது ஆகும் என்று நினைத்தேனே, அவ்வளவு சூடாகவா குடிப்பார்? அடிவாரத்து டீக்கடை ஆண்டியப்பன் எண் இருக்கிறது, போன வருடம் ஒரு வண்டி அங்கே நின்றுபோனபோது வாங்கியது.

"ஆண்டியப்பா, நான் செங்கோட்டுவேல், நாமக்கல் சர்வீஸ் சென்டர். வெள்ளக் கார்ல ஒரு டீச்சர் வந்தாங்களா?"

"இப்பத்தானுங்கண்ணா போறாங்க. பின்னாடி ஓடுனாக்கூடப் புடிக்கலாம், ஆனா வடச் சட்டிய யாரு பாக்கறது?"

"லைட்டு எப்படி இருந்துச்சு?"

"லைட்டு லைட்டாட்டந்தான் இருந்துச்சு."

"அதில்லப்பா. வண்டிய ஒடிச்சு எடுத்தாங்கல்ல, அப்ப வெளிச்சம் திரும்புச்சா?"

"திரும்புச்சுங்களே. எங் கடச் செவுத்துல அடிச்சு, பலாப்பழ மூட்டைல அடிச்சு, என் மூஞ்சியில அடிச்சு, அப்பறமாத்தான் ரோட்டுக்குப் போச்சு."

நன்றி சொல்லி வைத்தார். வைத்த பிறகுதான் விளங்கியது, எந்தக் காரை ஒடித்து எடுத்தாலும் வெளிச்சம் சுவரில்தான் அடிக்கும். வண்டி திரும்பினால் வெளிச்சமும் திரும்பும். வண்டிக்கு முன்னால் திரும்பியதா என்பதுதான் கேள்வி. அதை ஆண்டியப்பனிடம் எப்படிக் கேட்பது. திரும்ப வந்து முறத்தின் முன்னால் உட்கார்ந்தார். கீழே இருந்து மேலே போகச் சாதாரணமாக ஐம்பத்தைந்து நிமிடம் ஆகும் என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். ஏழு மணிக்கு முதல் வளைவு என்று வைத்தால் ஏழு ஐம்பத்தைந்துக்கு எழுபது. ஒரு வளைவுக்கு முக்கால் நிமிடத்துக்கும் சற்று அதிகம். அதற்குள் நான் இரண்டு வெங்காயம் உரிப்பேன். இரண்டு வெங்காயம், ஒரு வளைவு. இரண்டு வெங்காயம், இரண்டாவது வளைவு. பூட்டோடு போனால் என்ன ஆகிவிடும், யோசித்துப் பார். உலகத்தில் முக்கால்வாசிக் கார் நேர் லைட்டோடுதான் ஓடுகிறது. அந்த மலையில் நாற்பது வருடமாக ஜீப்பும் லாரியும் பஸ்ஸும் நேர் லைட்டில்தான் ஏறி இறங்குகின்றன. திரும்பாத விளக்கால் எவனும் செத்ததில்லை. சரி. ஆனால் அவர்களுக்கெல்லாம் விளக்கு திரும்பாது என்று தெரியும். தெரிந்தவன் வளைவின் வாயில் வேகத்தைக் குறைப்பான், ஹாரன் அடிப்பான், எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் பாறையில் படுகிறதா என்று பார்ப்பதற்காகத் தன் லைட்டையே ஒரு நொடி அணைத்துப் பார்க்கிற லாரிக்காரர்கள் உண்டு. விளக்கு திரும்பும் என்று நம்பிப் போகிறவர் அப்படியெல்லாம் செய்ய மாட்டார். நம்பச் சொன்னது யார்? நான்தான். மே மாதம் சென்டர் வாசலில் நின்று சொன்னேன். டீச்சர், வளைவுக்குள்ள உங்களுக்கு முன்னாடி லைட்டு எட்டிப் பாத்துடும், நீங்க பயப்படாமப் போங்க.

அன்றைக்கு அவர் பழைய சின்னக் காரில் வந்திருந்தார். முன் பம்பர் கயிற்றில் தொங்கியது. முப்பத்தெட்டாவது வளைவில் ஓடைக்குள் முன்சக்கரம் இறங்கி, பின்னால் வந்த பால் வண்டிக்காரர்கள் தூக்கிவிட்டார்களாம். வளைவுல லைட்டு எங்கியோ பாக்குது, நான் எங்கியோ போறேன், நடுவுல ரோடு எங்கியோ போகுது அண்ணா, என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்தாலும் கார்ச் சாவியைப் பிடித்திருந்த விரல் நடுங்கியது, அதையும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலை எல்லாம் முடித்து, கணவருக்கும் மகளுக்கும் இரண்டு நாளைக்குச் சமைத்து வைத்துவிட்டு மலை ஏறினால் இருட்டிவிடுகிறது, திங்கட்கிழமை காலை முதல் மணிக்குப் பள்ளியில் இருந்தாக வேண்டும். நான்தான் சொன்னேன், பழைய வண்டிச் சந்தையில் இந்த மாடல் கிடைக்கும், ஏழு வருடம் ஓடியதாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த விளக்குக்காகவே வாங்கலாம் என்று. வண்டியை நானே போய்ப் பார்த்தேன். இருட்டிய பிறகு ஏரிக்கரை ரோட்டில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினேன். கரை வளைகிற இடத்தில் வெளிச்சம் தானாக நகர்ந்து கருவேல மரத்தை விட்டுவிட்டுச் சாலையைப் பிடித்தது. டீச்சர் கையைத் தட்டினார், ஐயோ இதென்ன அண்ணா, புத்தி இருக்கிற லைட்டா இருக்கு என்றார். எனக்குப் பெருமை. நான் கண்டுபிடித்தது மாதிரி. இப்போது ஆறாவது வளைவா, ஏழா? வெங்காயம் எத்தனை உரித்தேன்? எண்ணிக்கை விட்டுப்போனது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் டீச்சர் மறுபடி அடிவாரத்துக்கு வந்துவிடுவாரா. வந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

"ஏனுங்க, ஒரே வெங்காயத்த எத்தன நேரம் பாத்துட்டு இருப்பீங்க? அதென்ன பொண்ணா?"

கோகிலவாணி உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதுகுப் பக்கமும் கண் இருந்தது.

"டீச்சர் வண்டில ஒரு வேலைய விட்டுட்டனோன்னு இருக்குது."

"பிரேக்குங்களா?"

"பிரேக் இல்ல. லைட்டு."

"எரியாதா?"

"எரியும். திரும்பாது."

"லைட்டு எதுக்குத் திரும்போணும்? நம்ம வண்டி லைட்டு என்னைக்குத் திரும்புச்சு?"

"நம்முளுது ரெண்டு சக்கரம். ஹேண்டில ஒடிச்சா லைட்டும் கூட ஒடியுது. தெனமும் திரும்பிட்டுத்தான் இருக்குது, நீ கவனிக்கல."

அவள் உளுந்துத் தண்ணீரை வடித்தாள். அதை யோசித்திருப்பாள் போல. "அட, ஆமா," என்றாள். பிறகு, "சரி, வண்டிய எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துருங்களேன்."

"காரவள்ளிக்கே முப்பது கிலோமீட்டருக்குக் கொறையாது. நான் அடிவாரம் போறதுக்குள்ள அவங்க மேல போயிருவாங்க."

"அப்பறம் எதுக்கு வெங்காயத்த மொறைக்கறீங்க? உரிங்க. உரிச்சா நேரமாச்சும் போகும்."

நேரம்தான் போகவில்லை. ஏழு பதினேழு. முபாரக்கைக் கேட்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. ஐந்து வண்டிக்கு ஒரே ஸ்கேனர், பக்கத்து மேடையில் வேலை செய்கிற முபாரக்தான் எப்போதும் அதற்காகக் காத்துக்கொண்டு நிற்பவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆனால் ஸ்கேனர் விஷயத்தில் மட்டும் பந்தியில் முந்துகிறவன் மாதிரி. இந்தத் தடவை கை கழுவவில்லை.

"சொல்லுங்கண்ணே."

"முபாரக்கு, சாயந்தரம் டீச்சர் வண்டில இருந்து ஸ்கேனர நீதான உருவுன?"

"உருவுனதாவது? கேட்டுத்தானண்ணே எடுத்தேன்."

"என்ன கேட்ட?"

"முடிஞ்சுதாண்ணே, எடுக்கட்டுமான்னு கேட்டேன். தலைய ஆட்டுனீங்க."

"நான் போன்ல இருந்தேன்டா."

"போன்ல இருந்துக்கிட்டேதான் ஆட்டுனீங்க. நீங்க போன் பேசுனா யாருக்காச்சும் ஆட்டிக்கிட்டேதான இருப்பீங்க. இது எனக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

"திரையில என்ன இருந்துச்சு?"

"திரைய எங்க பாத்தேன். மஞ்ச போர்டு வண்டிக்காரர் என் தலமேல நின்னுக்கிட்டு இருந்தாரு. ஏண்ணே, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல," என்றார் செங்கோட்டுவேல். சொல்லிவிட்டு, ஆகாமல் இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் முடித்தார்.

"போன்ல யாரு?" என்றாள் கோகிலவாணி, சட்டியிலிருந்து நிமிராமல்.

"முபாரக்கு."

"இப்ப இல்ல. சாயந்தரம், வேலைக்கு நடுவுல. போன்ல இருந்தேன்னீங்களே."

"யாரோ ஒரு கஸ்டமரு."

ஐந்தே காலுக்கு வந்த அழைப்பு அவளுடையது. வரும்போது வெங்காயம் வாங்கி வாருங்கள், ஈரம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், போன தடவை பாதி அழுகல் என்றாள், நான் சரி சரி என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும். முபாரக்குக்குத் தெரிந்திருக்கிறது. ஆக, ஸ்கேனர் போய்விட்டது, நான் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது வண்டியில் ஸ்கேனர் இல்லை. ஸ்கேனர் இல்லை என்றால் வேலை முடிந்தது என்றுதான் கை நினைக்கும், பதினொரு வருடமாக அப்படித்தான் பழகியிருக்கிறது. பேட்டரிமேல் இருந்த துணியை எடுத்தேன், முன் மூடியைச் சாத்தினேன், சாவியை டீச்சரிடம் கொடுத்தேன். அவர் என்னண்ணா எல்லாம் ஓகேவா என்றார். அதற்கும் தலையை ஆட்டினேன். அப்படியென்றால் எடுக்கவில்லை. இல்லை, அவள் கூப்பிடுவதற்கு முன்பே எடுத்திருந்தால்? திருகு, விளிம்பு, கீச் கீச், பிறகு போன். அப்படியும் இருக்கலாமே. வண்டியை ஒரு தடவை அணைத்துப் போட்டால் இந்தப் பூட்டு தானாக விடுபட்டுவிடும் என்று சென்னைப் பயிற்சியில் சொன்னார்கள், புது வண்டிகளுக்குச் சொன்னார்களா, எல்லாவற்றுக்குமா? இது ஏழு வருடத்துப் பழைய மாடல். பூட்டு இருந்தால் மீட்டர் பலகையில் ஒரு மஞ்சள் எழுத்தாவது வரவேண்டாமா? இந்த மாடலில் வராது, அது நிச்சயம், பல் டாக்டர் வண்டியில் பார்த்தேன். நிச்சயமாகத் தெரிவதெல்லாம் கெட்டதாகவே இருக்கிறது.

ஏழு முப்பத்தைந்து. முப்பத்தெட்டாவது வளைவு இங்கே எங்கேயோதான் வரும். ஓடை, பால் வண்டி, கயிற்றில் தொங்கிய பம்பர். அந்த மலையில் நான் இருட்டில் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், கல்யாணம் ஆன புதிதில், ஒரு நண்பனின் ஜீப்பில், பின் இருக்கையில். வளைவு வரும்போது ஜீப்பின் இரண்டு விளக்கும் நேராகப் போய் ஒன்றுமில்லாத இடத்தில் விழும். மரத்தின் உச்சி தெரியும். மரத்தின் உச்சி நம் கண்ணுக்கு நேரே தெரிகிறது என்றால் மரத்தின் அடி எங்கே இருக்கிறது என்று வயிறு கணக்குப் போடும். அப்புறம் ஜீப் திரும்பும், வெளிச்சம் பாறையை நக்கிக்கொண்டு வந்து சாலையில் விழும். அந்த நடுவில் உள்ள நேரம், ஒன்றரை நொடி இருக்குமா, அதுதான் இருட்டு. அந்த ஒன்றரை நொடியை எடுத்துவிட்டார்கள் என்பதற்காகத்தான் இந்த விளக்கை எனக்கு அவ்வளவு பிடித்தது. சென்னையில் பயிற்சி கொடுத்தவர் டிகிரிக் கணக்கெல்லாம் சொன்னார், எனக்கு அந்த ஜீப்பும் மரத்தின் உச்சியும்தான் ஞாபகம் வந்தது. இன்றைக்கு ஒன்றரை நொடியை எழுபது தடவை திருப்பி வைத்துவிட்டேன். எழுபதில் பாதி முடிந்திருக்கும். ஏறுகிறார், இறங்கவில்லை, அது ஒரு நல்ல விஷயம். ஏற்றத்தில் வேகம் எடுக்காது, இரண்டாவது கியர்தான், வண்டி தன் கனத்தாலேயே நிற்கும். வளைவு ஓரத்தில் வெள்ளையடித்த கல் இருக்கிறது, ஒளிரும் பலகையும் இருக்கிறது. மேலே இருந்து பஸ் வருகிற நேரம். பஸ் டிரைவர் ஹாரன் அடிப்பார். டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஜெபப் பாட்டு போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர், ஹாரன் கேட்குமா? கண்ணாடியைத் திறந்து வைத்திருக்க வேண்டும் கர்த்தரே. அவருடைய சாமியிடம் நான் வேண்டிக்கொள்வது விசித்திரமாக இருந்தது. திருச்செங்கோட்டு மலை முருகனிடமும் சொல்லி வைத்தேன், பேரையே அவனிடமிருந்து வாங்கியிருக்கிறேன், இதற்குக்கூட வராவிட்டால் எப்படி.

ஏழு ஐம்பத்தைந்து. கைபேசி பேசாமல் கிடந்தது. சோளக்காட்டில் சிக்னல் வந்ததும் என்னுடைய நான்கு தவறிய அழைப்பும் அவருக்குத் தெரியும், தெரிந்தால் கூப்பிடுவார். ஏழு ஐம்பத்தெட்டு. கூப்பிட நேரம் இருக்காது, முதலில் பள்ளி விடுதிக்குப் போய்ச் சாமானை இறக்குவார். எட்டு மணி. எட்டு ஐந்து. வெங்காயம் முடிந்துவிட்டது. முறத்தில் தோல் மட்டும் மின்விசிறிக் காற்றுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. கை சும்மா இருந்தபோது மனம் நேராக அந்த இடத்துக்குப் போனது, இவ்வளவு நேரம் பக்கத்துப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்த இடம். கவிழ்ந்த வண்டி. ஒரு விளக்கு மட்டும் எரிந்துகொண்டு, மரத்தின் உச்சியைப் பார்த்தபடி. போலீஸ் வருவார்கள், வண்டியை இறக்கிக் கொண்டுபோவார்கள், விளக்கில் பூட்டு இருப்பதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், அதற்கு ஸ்கேனர் வேண்டும், ஸ்கேனர் எங்களிடம்தான் இருக்கிறது. அட்டையில் பதினாறு டிக் இருக்கும். யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் வந்ததும் ஒரு நொடி மூச்சு லேசானது, அடுத்த நொடி அந்த லேசை நினைத்து உடம்பு கூசியது. இப்படியா யோசிக்கிறேன். ஒரு பெண் மலைமேல் இருட்டில் இருக்கிறாள், நான் அட்டையைப் பற்றி யோசிக்கிறேன். கோகிலவாணி வந்து முறத்தை எடுத்தாள். எடுத்தவள் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். உளுந்தை ஊறப் போட வேண்டும், மூன்று அடுப்பு வேலை இருக்கிறது, ஆனாலும் உட்கார்ந்தாள். கேலி எதுவும் செய்யவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

எட்டு பதினான்குக்குக் கைபேசி அடித்தது.

"என்ன அண்ணா, நாலு மிஸ்டு கால்? மறுபடி எதாச்சும் ஸ்பேனர என் வண்டில வச்சுட்டீங்களா?"

குரல் வந்தது. குரல் முழுசாக வந்தது, களைப்போடு, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, பின்னால் பிள்ளைகள் சத்தத்தோடு. செங்கோட்டுவேலுக்கு என்ன கேட்க வேண்டும் என்பது மறந்துபோனது. கழுத்துக்குப் பின்னால் இவ்வளவு நேரம் ஏதோ கட்டியிருந்தார்கள், அதை யாரோ அவிழ்த்துவிட்டார்கள். கோகிலவாணியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவள் எழுந்து அடுப்புக்குப் போனாள்.

"மேல போயிட்டீங்களா டீச்சர்?"

"வந்தாச்சு. ஒண்ணே கால் மணி நேரம். அண்ணா, லைட்டு திரும்பவே இல்ல."

"திரும்பலையா?"

"ஒரு வளைவுலயும் இல்ல. மொத வளைவுலயே தெரிஞ்சுபோச்சு. ஆடு முட்டுனதுல உள்ள வேற எதாச்சும் போயிருக்குமா?"

உள்ளே ஒன்றும் போகவில்லை. ஆடுமேல் போட்டுவிடலாம். ஆடு வந்து மறுக்கப் போவதில்லை. சென்சார் டீச்சர், பழைய வண்டியில் அப்படித்தான், கொண்டுவாருங்கள் பார்த்துவிடலாம் என்று வாய்வரை வந்தது. பதினொரு வருடத்தில் எத்தனை பேரிடம் சொன்ன வாக்கியம், தானாக உருண்டு வந்து நுனிநாக்கில் நின்றது. ஆனால் அவர் உயிரோடு பேசிக்கொண்டிருந்தார், அதற்குப் பக்கத்தில் இந்த வாக்கியம் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"ஆடு இல்ல டீச்சர். நான்தான். லைட்ட நேரா நிறுத்திப் பூட்டி அளவு பாத்தேன். பூட்ட எடுக்க மறந்துட்டேன்."

யாரோ ஒரு பிள்ளையை, போ, தட்டை எடுத்துட்டு வரிசைல நில்லு, என்று டீச்சர் அதட்டுவது கேட்டது. பிறகு குரல் திரும்ப வந்தது.

"வீட்டுப்பாடம் மறந்துட்டேன்னு சொல்ற புள்ளைய நான் என்ன செய்வேன் தெரியுமா?"

"என்ன செய்வீங்க?"

"எழுபது தடவ எழுதச் சொல்லுவேன்."

"எழுதிடறேன் டீச்சர்."

"எழுதுங்க, எழுதுங்க." சிரித்தாரா, மூச்சு விட்டாரா என்று தெரியவில்லை. "எவ்ளோ பயந்துட்டீங்க?"

"ரெண்டு கிலோ வெங்காயம் உரிச்சேன்."

"அது தெனமும் உரிக்கறதுதான?"

"இன்னைக்கு எண்ணி எண்ணி உரிச்சேன். நான் லைட்ட நம்பிப் போங்கன்னு சொன்னேனே, அதான். நீங்க நம்பி நேரா..."

"அண்ணா," என்றார் டீச்சர். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று பேசுகிறவர் போல இருந்தது குரல். "நீங்க சொன்னத நம்பித்தான் வண்டி வாங்குனேன். கண்ண மூடிக்கிட்டு நம்பல. பத்தொம்பது வருசமா இந்த மலையில ஏறி எறங்கறேன். மொத வளைவுல வெளிச்சம் வரலைன்னதும் பாட்ட நிறுத்துனேன், கண்ணாடிய எறக்குனேன், ரெண்டாவது கியர். ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன். முப்பத்தெட்டுல மட்டும் வண்டிய நிறுத்தி, எறங்கி, டார்ச் அடிச்சுப் பாத்துட்டு ஏறுனேன். குளிர்ல காது போச்சு, அவ்ளோதான்."

அவர் பாட்டை நிறுத்தியிருக்கிறார். கண்ணாடியை இறக்கியிருக்கிறார். ஒன்றே கால் மணி நேரமாக நான் என் தலைக்குள் ஓட்டிய காரில் இருந்தது வேறு யாரோ ஒரு பெண், நான் சொன்னதை எல்லாம் அப்படியே நம்புகிறவள், வளைவில் கண்ணை மூடிக்கொள்கிறவள். இந்த டீச்சரைப் பற்றி எனக்கு என்ன தெரியும், சாவியைப் பிடித்த விரல் நடுங்கியது மட்டும்தான். நடுங்கிய விரலோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஏறியிருக்கிறார், அதற்கடுத்த ஞாயிறும். அது எனக்கு ஏன் தெரியாமல் போனது என்று யோசித்தபோது வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் இப்போது சுகமாகத்தான் இருந்தது.

"அடுத்த சனிக்கிழம எறங்கறப்பக் கொண்டு வரட்டுமா?" என்றார் டீச்சர்.

"வேண்டாங்க. இந்த லைட்டோட நீங்க எறங்க வேண்டாம். செவ்வாக்கிழம எனக்கு லீவு. நானே மேல வர்றேன்."

"அதுக்காக மலையேறி வருவீங்களா?"

"பஸ்ல வர்றேன். டிரைவர் பாத்துக்குவாரு."

வைத்த பிறகு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே தெருமுனையில் யாரோ ஸ்கூட்டரைத் திருப்பினார்கள். விளக்கின் வெளிச்சம் எதிர்வீட்டுக் கேட்டில் ஏறி, சுவரில் நடந்து, வேப்பமரத்தைத் தொட்டு, தெருவில் விழுந்து போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கம் வந்தது. கோகிலவாணி தட்டு வைத்து, சாப்பிட வாங்க என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை, ஏனுங்க, அந்த டீச்சர் வெங்காயம் எதாச்சும் கேட்டாங்களா என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. வேலைக்கு நடுவில் வந்த அழைப்பு தன்னுடையதுதான் என்று அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை. நன்றாகப் பசித்தது.

2023 செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை 11.20 மணிக்கு மலைமேல் இருந்த பள்ளியின் மைதானத்தில் அந்தக் காரின் விளக்குப் பூட்டு எடுக்கப்பட்டது. வேலைக்கு நான்கு நிமிடம் ஆனது. இறங்கும் பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. ஸ்கேனரை வெளியே எடுத்துச் செல்ல சர்வீஸ் சென்டரில் கொடுத்த விண்ணப்பத்தில், காரணம் என்ற இடத்தில், செங்கோட்டுவேல் "என் மறதி" என்று எழுதியிருந்தார்.